அறிவியல் அகாடமிகளின் கோடைக்கால ஃபெலோஷிப்: “ஆராய்ச்சி நமக்கு வருமா?” என்று தயங்குபவர்களுக்கு ஒரு மதிப்புரை

பி.எஸ்சி. இரண்டாம் ஆண்டு முடியும்போதோ எம்.எஸ்சி. முதலாண்டின் நடுவிலோ ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொள்ளும். ஆராய்ச்சிக்குப் போகலாமா, நமக்கு அதெல்லாம் வருமா? மதிப்பெண் பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாலும் இதற்கு விடை கிடைக்காது. தேர்வில் வரும் கேள்விக்கு எங்கோ ஒரு விடைக்குறிப்பு தயாராக இருக்கிறது. ஆய்வகத்தில் அப்படி ஒன்று கிடையாது. வகுப்பில் முதலிடம் பிடித்தவர் அங்கே திணறுவதும், 62 விழுக்காடு வாங்கியவர் இயல்பாகப் பொருந்திப்போவதும் வழக்கமாக நடப்பவை. அதனால் அந்தக் கேள்வியை வீட்டில் உட்கார்ந்து யோசித்துத் தீர்க்க முடியாது. சில வாரம் வேலை செய்து பார்க்க வேண்டும். அதற்கு நாட்டில் இருக்கும் வழிகளில் அதிகம் பேருக்கு எட்டக்கூடியது, மூன்று அறிவியல் அகாடமிகள் சேர்ந்து நடத்தும் கோடைக்கால ஆராய்ச்சி ஃபெலோஷிப். தன் திறமை மேல் சந்தேகம் உள்ள மாணவருக்கு இந்தத் திட்டம் எவ்வளவு பயன்படும், எங்கே கைவிடும் என்பது மட்டுமே இந்த மதிப்புரையின் அக்கறை.

மூன்று அகாடமிகள் இவை: சி. வி. ராமன் 1934-ல் பெங்களூருவில் தொடங்கிய இந்திய அறிவியல் அகாடமி, 1935-ல் தொடங்கி இன்று டெல்லியில் இயங்கும் இந்திய தேசிய அறிவியல் அகாடமி, மேக்நாத் சாகாவின் முயற்சியால் 1930-ல் அலகாபாத்தில் உருவான தேசிய அறிவியல் அகாடமி. இவை சேர்ந்து ஆண்டுதோறும் மாணவர்களையும் கல்லூரி ஆசிரியர்களையும் தேர்ந்தெடுத்து, நாட்டின் ஏதோ ஓர் ஆய்வு நிறுவனத்திலோ பல்கலைக்கழகத்திலோ ஒரு விஞ்ஞானியிடம் எட்டு வாரம் அனுப்புகின்றன. மாத உதவித்தொகை உண்டு, ரயில் கட்டணமும் உண்டு. ஆசிரியர்களும் விண்ணப்பிக்கலாம் என்பது பல கல்லூரிகளில் தெரியாத செய்தி. போய்வந்த ஆசிரியர் ஒருவர் துறையில் இருந்தால், அடுத்த பத்து ஆண்டு மாணவர்களுக்கு அவரே வழிகாட்டி.

தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தயக்கத்தைச் சோதித்துப் பார்க்கும் கருவியாக இது ஐந்துக்கு நான்கு பெறும். ஆனால் இந்தக் கருவி அளப்பது ஒன்றே ஒன்று: ஆராய்ச்சியின் அன்றாட வேலையோடு உங்களால் வாழ முடிகிறதா என்பது. உங்கள் அறிவு எவ்வளவு, பத்தாண்டு கழித்து எப்படிப்பட்ட விஞ்ஞானியாக இருப்பீர்கள் என்பதையெல்லாம் எட்டு வாரம் சொல்லாது. இதை ஒரு தேர்வு முடிவாக எடுத்துக்கொண்டு “எனக்கு வரவில்லை” என்று திரும்பியவர்கள்தான் இந்தத் திட்டத்தால் நட்டப்பட்டவர்கள். அந்தத் தவறு நேராமல் பார்த்துக்கொள்ளலாம். அதற்கான வேலை விண்ணப்பத்திலேயே தொடங்குகிறது.

வழக்கமாக செப்டம்பர், அக்டோபரில் அறிவிப்பு வரும், நவம்பரில் கதவு மூடிவிடும். தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் அது செமஸ்டர் தேர்வு நெருங்கும் காலம். “தேர்வு முடிந்ததும் பார்க்கலாம்” என்று ஒதுக்கிவைத்தவர்களுக்கு அந்த ஆண்டு அதோடு போய்விடுகிறது. கேட்கப்படுபவை குறைவு: மதிப்பெண் விவரம், என்ன செய்ய விரும்புகிறீர்கள் என்ற சிறு கட்டுரை, உங்களை அறிந்த ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம். மதிப்பெண்ணை இனி மாற்ற முடியாது. மற்ற இரண்டும் உங்கள் கையில்தான் இருக்கின்றன.

கட்டுரையில்தான் தயக்கம் உள்ள மாணவர் அதிகம் சறுக்குகிறார். தன் சொற்கள் மேல் நம்பிக்கை இல்லாததால் இணையத்திலிருந்து பெரிய சொற்களை எடுத்து நிரப்பிவிடுகிறார். “சிறு வயது முதலே அறிவியலில் தீராத ஆர்வம்”, “புற்றுநோய்க்கு மருந்து காண்பதே என் இலட்சியம்” என்ற வரிகள் ஆயிரக்கணக்கான விண்ணப்பங்களில் இருக்கும். படிப்பவர் அங்கே நிற்க மாட்டார். இப்படி எழுதிப் பாருங்கள்: கல்லூரியில் செய்த ஒரு செய்முறை, அதில் எதிர்பார்த்த மதிப்பு என்ன, வந்த மதிப்பு என்ன, வேறுபாட்டுக்கு என்ன காரணமாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள், அதைச் சரிபார்க்க என்ன தெரிந்துகொள்ள வேண்டும். அமில-கார தரம்பார்த்தலில் மூன்று முறையும் 0.3 மில்லி கூடுதலாக வந்தது என்ற எளிய விஷயம் போதும். அதைப் பற்றி ஒரு பக்கம் நேர்மையாக எழுதியவருக்கு ஆராய்ச்சி மனம் இருக்கிறது என்று படிப்பவருக்குத் தெரிந்துவிடும்.

பரிந்துரைக் கடிதத்துக்கு ஆசிரியரிடம் குறைந்தது மூன்று வாரம் முன்னால் சொல்லுங்கள். “சார், ஒரு லெட்டர் வேணும்” என்று மட்டும் நின்றால் “ஒழுக்கமான மாணவர், நன்கு படிப்பவர்” என்ற வெற்றுக் கடிதம்தான் வரும். ஒரே ஒரு தாளில் அவரிடம் நீங்கள் படித்த பாடங்கள், செய்த செய்முறைகள், வகுப்பில் எடுத்த கருத்தரங்கு, அவரோடு விவாதித்த ஒரு கேள்வி ஆகியவற்றை எழுதிக் கொடுங்கள். அவர் நினைவுக்கு அது கைப்பிடி. துறைத் தலைவரின் கையெழுத்து கனமானது என்ற எண்ணத்தில் உங்களைப் பெயர் சொல்லி அடையாளம் காட்டக்கூடத் தெரியாதவரிடம் போக வேண்டாம். செய்முறை வகுப்பில் பக்கத்தில் நின்று பார்த்த இளைய விரிவுரையாளரின் கடிதத்தில் உயிர் இருக்கும்.

தேர்வாகி, கைடு ஒதுக்கப்பட்டதும் மகிழ்ச்சியில் பலர் “நன்றி, வருகிறேன்” என்று மட்டும் பதில் போடுகிறார்கள். அந்த ஒரு மின்னஞ்சலில்தான் எட்டு வாரத்தின் தலையெழுத்து இருக்கிறது. மூன்று விஷயம் கேளுங்கள். நான் வரும் மாதங்களில் நீங்கள் ஊரில் இருப்பீர்களா, தினமும் யாரோடு வேலை செய்வேன்? இந்த வேலைக்குத் தேவையான பொருள்கள் ஆய்வகத்தில் ஏற்கெனவே இருக்கின்றனவா? வருவதற்கு முன் எந்த இரண்டு கட்டுரைகளைப் படிக்க வேண்டும்? கோடையில்தான் மாநாடுகள் அதிகம். கைடு மூன்று வாரம் வெளிநாட்டில் இருப்பது சாதாரணம். உண்மையில் உங்களுக்குக் கற்றுக்கொடுக்கப்போகிறவர் அங்கே முனைவர் பட்டம் செய்துகொண்டிருக்கும் அக்காவோ அண்ணனோதான். அவர் யாரென்று முன்பே தெரிந்துகொள்வது பாதிக் கிணறு தாண்டியதுபோல. இரண்டாவது கேள்வியும் சின்னதல்ல. பிரைமர் எனப்படும் சிறு டிஎன்ஏ துண்டுகளுக்கு ஆர்டர் போட்டால் கைக்கு வர ஒரு வாரம் போய்விடும். வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய ஆன்டிபாடிக்குப் பல வாரம் ஆகலாம். விலங்குகளை வைத்துச் செய்யும் வேலைக்கு நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். எட்டு வாரக் கணக்கில் இவற்றுக்கெல்லாம் காத்திருக்க நேரம் இருக்காது. ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வேலையின் ஒரு சிறு கிளைதான் உங்களுக்கு நல்லது.

நம் பல்கலைக்கழகங்களின் ஏப்ரல் செமஸ்டர் தேர்வு சில ஆண்டுகளில் மே மூன்றாம் வாரம் வரை இழுக்கும். மே முதல் நாள் சேர்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பிறகு தள்ளிப்போடுவதைவிட, கடைசித் தேர்வுக்குப் பின் நான்கு நாள் இடைவெளி விட்டுத் தேதி கொடுப்பது நல்லது. கல்லூரியில் தடையின்மைச் சான்றிதழை விடுமுறைக்கு முன்பே வாங்கிவிடுங்கள். மே மாதம் அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஆள் இருக்காது. உதவித்தொகை முதல் நாளே கையில் வந்துவிடும் என்று நம்பிப் பெட்டி கட்ட வேண்டாம். விடுதி முன்பணத்துக்கும் இரண்டு மாத மெஸ்ஸுக்கும் பணம் வைத்துக்கொண்டு போவதே நிம்மதி.

கிளம்புவதற்கு முன் இரண்டு வாரம் ஒதுக்கி ஒன்றே ஒன்றைப் பழகிக்கொள்ளச் சொன்னால், கரைசல் கணக்கைச் சொல்வேன். ஆய்வகத்தில் முதல் வாரம் மாணவரின் தன்னம்பிக்கையை உடைப்பது குவாண்டம் இயற்பியலோ மரபணுவியலோ அல்ல. “ஒரு மோலார் உப்புக் கரைசலிலிருந்து 10 மில்லிமோலார் 50 மில்லி போடு” என்று யாரோ சொல்ல, கை நின்றுபோகும் அந்த நொடிதான். சோடியம் குளோரைடின் மூலக்கூறு எடை 58.44. ஒரு லிட்டருக்கு 58.44 கிராம் போட்டால் ஒரு மோலார். அதிலிருந்து 10 மில்லிமோலார் என்றால் நூற்றில் ஒரு பங்கு. 50 மில்லிக்கு அரை மில்லி எடுத்து மீதியைத் தண்ணீரால் நிரப்ப வேண்டும். இதில் முப்பது கணக்கு போட்டுப் பழகியவர் முதல் நாள் தடுமாற மாட்டார். கணினி வேலைக்குப் போகிறவர் பைத்தானில் ஒரு தரவுக் கோப்பைத் திறந்து, சராசரி எடுத்து, வரைபடம் போடும் அளவுக்குத் தெரிந்துகொண்டால் போதும்.

இனி அந்த எட்டு வாரம். முதல் இரண்டு வாரம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் மோசமாகவே இருக்கும். சுற்றிலும் சுருக்கப் பெயர்களில் பேசுவார்கள். ஆய்வகக் கூட்டத்தில் ஒரு வாக்கியம் புரியாது. பக்கத்து மேசையில் பெரிய நிறுவனத்திலிருந்து வந்த மாணவர் முன்பே இரண்டு கோடைப் பயிற்சி முடித்திருப்பார். “தேர்வுக் குழு தவறுதலாக என்னை எடுத்துவிட்டது, சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள்” என்று உள்ளே ஒரு குரல் பேசத் தொடங்கும். இந்தக் குரலுக்கு ஒரு வரலாறு உண்டு. 1978-ல் பாலின் கிளான்ஸ், சூசன் ஐம்ஸ் என்ற இரு உளவியலாளர்கள், பட்டங்களும் பாராட்டுகளும் பெற்ற பெண்கள் பலர் “நான் எல்லோரையும் ஏமாற்றிக்கொண்டிருக்கிறேன்” என்று உறுதியாக நம்புவதை ஆய்வுக் கட்டுரையாக எழுதினார்கள். பிறகு ஆண்களிடமும் அதே உணர்வு காணப்பட்டது. சாதித்தவர்களுக்கே வரும் உணர்வு அது என்பதால், அந்தக் குரல் கேட்கிறது என்பதை மட்டும் வைத்து உங்கள் தகுதி பற்றி ஒரு முடிவுக்கும் வர முடியாது. முதல் பதினான்கு நாளில் எந்த முடிவும் எடுக்காதீர்கள் என்று சொல்வது அதனால்தான்.

மூன்றாவது வாரத்திலிருந்து சோதனைகள் தோற்கத் தொடங்கும். உயிரியல் ஆய்வகத்தை எடுத்துக்கொள்வோம், அங்கேதான் புதியவர்கள் அதிகம் தங்களை நொந்துகொள்கிறார்கள். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் சோதனையில், விளைவைப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் ஒரு பட்டையும் தெரியவில்லை. “எனக்குக் கை ராசி இல்லை” என்று மனம் சொல்லும். ஆனால் காரணங்கள் எண்ணிச் சொல்லக்கூடியவை. பிரைமர் பாட்டில் 100 மைக்ரோமோலாரில் இருக்கும், வேலைக்கு அதை 10-க்கு நீர்க்க வேண்டும். நீர்க்காமல் அப்படியே ஊற்றியிருக்கலாம். உறைநிலையிலிருந்து எடுத்த மெக்னீசியம் குளோரைடை நன்றாகக் கலக்காமல் மேலாக உறிஞ்சியிருந்தால் செறிவு தவறும். நொதி கிளிசராலில் இருப்பதால் குழாயின் அடியில் போய்த் தங்கிவிடும், கலக்காவிட்டால் வினை நடக்காது. பிரைமர் டிஎன்ஏவில் ஒட்டும் படியின் வெப்பநிலை அதன் உருகுநிலையைத் தாண்டியிருந்தால் அது ஒட்டவே ஒட்டாது. வழக்கமாக 3 முதல் 5 டிகிரி கீழே வைத்துத் தொடங்குவார்கள். இத்தனையும் சரியாக இருந்து ஜெல்லைத் தாங்கல் கரைசலுக்குப் பதில் வெறும் தண்ணீரில் காய்ச்சியிருந்தால், டிஎன்ஏ நகராமல் நின்றுவிடும். மின்முனைகளை மாற்றிச் செருகியிருந்தால் எதிர்ப்பக்கமாக ஓடிக் காணாமல் போகும். டிஎன்ஏ நேர்மின்முனையை நோக்கித்தான் போகும், சிவப்புக் கம்பி, ஜெல்லில் மாதிரி ஊற்றும் கிணறுகளுக்கு எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக டிஎன்ஏவே போடாமல் வைக்கும் கட்டுப்பாட்டுக் குழாயிலும் பட்டை தெரிந்தால் அது வேறு கதை. தண்ணீரிலோ கலவையிலோ பழைய டிஎன்ஏ கலந்திருக்கிறது. புதிய தண்ணீர், புதிய பிப்பெட் முனைகள், புதிதாக நீர்த்த பிரைமர் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்க்க வேண்டும். ஒரே நேரத்தில் மூன்றையும் மாற்றினால் சோதனை வேலை செய்யும், ஏன் செய்தது என்று தெரியாது. பத்துக் குழாய் போடுகிறீர்கள் என்றால் பதினொன்றுக்கான கலவை செய்யுங்கள், பிப்பெட்டில் ஒட்டும் அளவு கடைசிக் குழாயைக் கவிழ்த்துவிடும். பிப்பெட்டையே நம்பாதவர் தராசில் 100 மைக்ரோலிட்டர் தண்ணீரை எடை போட்டுப் பார்க்கலாம், 0.1 கிராமுக்கு அருகில் வர வேண்டும். கூடுதலாக வந்தால் பெரும்பாலும் கோளாறு விரலில் இருக்கும். உறிஞ்சும்போது முதல் நிறுத்தத்தோடு நிற்காமல் இரண்டாவது வரை அழுத்தியிருப்பீர்கள்.

இவ்வளவு விரிவாக இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மேலே உள்ள தவறு ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணமும் ஒரு திருத்தமும் உண்டு. அவற்றில் ஒன்றுகூட உங்கள் பிறவித் திறமை பற்றியது இல்லை. தோற்ற சோதனையிலிருந்து “நான்” என்ற சொல்லை எடுத்துவிட்டு “எந்தப் படி” என்று கேட்கப் பழகுவதுதான் இந்தத் திட்டம் தரும் மிகப் பெரிய பயிற்சி.

வேதியியலில் இதே கதை வேறு உடையில் வரும். கலவையைப் பிரிக்கும்போது, மெல்லடுக்குத் தாளில் பிரிந்து தெரியாததை நிரலில், அதாவது சிலிக்கா நிரப்பிய குழாயில், ஊற்றினால் அங்கேயும் பிரியாது. கரைப்பான் சிலிக்கா மட்டத்துக்குக் கீழே இறங்க விட்டால் நிரலில் விரிசல் விழுந்துவிடும். மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆர் படத்தில் 7.26-ல் அழகாக நிற்கும் சிகரத்தைத் தன் விளைபொருள் என்று நினைத்து மகிழாத புதியவர் குறைவு, அது குளோரோஃபார்ம் கரைப்பானுடையது. கருவிக்கு வரிசை இருக்கும். மாதிரியைத் திங்கட்கிழமை கொடுத்தால் வியாழக்கிழமை படம் வரலாம், அந்த மூன்று நாளுக்கு வேறு வேலை கையில் வைத்திருக்க வேண்டும். இயற்பியலில் பாதி நாள் வெற்றிடக் கசிவைத் தேடுவதில் போகும். கணிதத்தில் பெரும்பாலும் படிப்புத் திட்டம்தான் கிடைக்கும்: ஒரு நூலின் மூன்று அத்தியாயம், வாரம் இருமுறை கரும்பலகையில் விளக்க வேண்டும். அங்கே தோல்வி என்பது பலகை முன் நின்று “இந்த வரி ஏன் வந்தது என்று தெரியவில்லை” என்று சொல்வது. அதைச் சொல்லும் துணிவு வந்துவிட்டால் பயன் கிடைத்துவிட்டது.

தமிழ்வழியில் படித்து வந்தவர்களுக்கும் சிறு ஊர்க் கல்லூரி மாணவர்களுக்கும் மொழி ஒரு தனிச் சுமை. பல ஆய்வு நிறுவனங்களில் பேராசிரியரைப் பெயர் சொல்லியே அழைக்கிறார்கள், குறுக்கே கேள்வி கேட்பதை மரியாதைக் குறைவாக நினைப்பதில்லை. “சார்” என்று எழுந்து நின்று பழகிய மாணவர் வாயைத் திறக்காமல் இருந்துவிட, ஆர்வமில்லாதவர் என்று பெயர் விழுகிறது. இதற்கு ஒரு நடைமுறை வழி: கூட்டத்துக்கு முன் அந்த வாரக் கட்டுரையின் படங்களை மட்டும் பாருங்கள். ஒவ்வொரு படத்திலும் அச்சுகள் என்ன, கட்டுப்பாடு எது என்று குறித்துக்கொள்ளுங்கள். ஒரே ஒரு கேள்வியை ஆங்கிலத்தில் முழு வாக்கியமாக எழுதி எடுத்துப் போங்கள். வாரம் ஒன்று என்றால் எட்டு வாரத்தில் எட்டுக் கேள்வி. நான்காவதுக்குப் பிறகு எழுதிக்கொண்டு போகத் தேவை இருக்காது.

தயக்கத்தோடு போகிறவர் ஆய்வுக் குறிப்பேட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னக் குறிப்பேடும் வைத்துக்கொள்ள வேண்டும். தினமும் மாலை மூன்று வரி. இன்று என்ன செய்தேன். எது தவறியது, காரணம் என்னவாக இருக்கும். நாளை முதலில் எதைச் செய்ய ஆசை. உணர்ச்சிகளை எழுத வேண்டாம், இந்த மூன்று மட்டும். நான்காம் வார அறிக்கை எழுதும்போது ஒரு முறை, எட்டாம் வார அறிக்கைக்கு முன் ஒரு முறை திருப்பிப் படியுங்கள். அறிக்கைகள் இரண்டும் அகாடமிக்காக, இந்தக் குறிப்பேடு உங்களுக்காக.

அதை எப்படிப் படிப்பது? இரண்டாவது வரியில் முதல் மாதம் “தெரியவில்லை” என்றும் இரண்டாவது மாதம் குறிப்பான ஊகங்களும் இருந்தால் நீங்கள் வளர்ந்திருக்கிறீர்கள். சோதனை ஒன்றுகூட வெற்றி பெறாமல் இருந்தாலும் இது உண்மை. மூன்றாவது வரி நாள் கணக்கில் காலியாகக் கிடந்தால் அதை மதிக்க வேண்டும். வேலை கைவந்தும் நாளை திரும்பிச் செல்ல மனம் இல்லை என்றால் அது திறமைக் குறைவு இல்லை, விருப்பம் வேறு பக்கம் இருக்கிறது என்பதற்கான தகவல். அந்த வரியில் திரும்பத் திரும்ப வேறு துறையின் வேலை வருமானால், சோதனையைவிடத் தரவு அலசலே பிடிக்கிறதென்றால், துறையை மாற்றுவது பற்றி யோசிக்கலாம். சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 1976-ல் அமெரிக்காவில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்கிய பிறகு, உயிரியல் கற்க சான் டியேகோவில் மறுபடியும் மாணவராகச் சேர்ந்தவர். செல்லுக்குள் புரதம் தயாரிக்கும் ரைபோசோமின் அமைப்பைக் கண்டதற்காக 2009-ல் அவருக்குக் கிடைத்தது வேதியியல் நோபல். இன்னொரு வகையும் உண்டு. வேலை பிடித்திருக்கும், ஆனால் குறிப்பேடு முழுக்க மனிதர்களின் கடுஞ்சொல்லைச் சுற்றியே இருக்கும். அது அந்த ஆய்வகத்தின் நிறை குறை. அதை வைத்து அறிவியலை விட்டு விலக வேண்டியதில்லை, அடுத்த முறை வேறு கைடிடம் போக வேண்டும்.

ஒரு புள்ளி குறைத்ததற்குக் காரணம் இதுதான். எல்லாமே கைடைப் பொறுத்தது. ஒருவர் தினமும் அரை மணி நேரம் உட்கார்ந்து பேசுவார், இன்னொருவரை எட்டு வாரத்தில் இரண்டு முறை பார்ப்பீர்கள். ஒரே சான்றிதழ், இரு வேறு அனுபவம். மதிப்பெண் குறைந்தவருக்கு இடம் கிடைப்பதும் கடினம், உண்மையில் இப்படி ஒரு வாய்ப்பு அதிகம் தேவைப்படுவது அவர்களுக்குத்தான். எட்டு வாரம் ஓர் ஆய்வுக் கேள்வியின் முழுச் சுற்றைப் பார்க்கவும் போதாது. தோற்று, திருத்தி, மறுபடி செய்து, முடிவை உறுதிசெய்யும் இன்பம் பெரும்பாலும் பத்தாவது, பன்னிரண்டாவது வாரத்தில்தான் வரும், அதற்குள் நீங்கள் ஊர் திரும்பியிருப்பீர்கள்.

இடம் கிடைக்காதவர்கள் அதோடு நின்றுவிட வேண்டாம். பெங்களூரு ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையம், மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம், சென்னை ஐஐடி ஆகியவை தனித்தனியே கோடைத் திட்டங்கள் நடத்துகின்றன. தரமணியில் உள்ள கணித அறிவியல் நிறுவனமும் மாணவர்களைக் கோடையில் ஏற்கிறது. கணித மாணவர்களுக்கு 1993 முதல் நடக்கும் நான்கு வாரக் கணிதப் பயிற்சித் திட்டத்தை அகாடமி ஃபெலோஷிப்புக்கும் மேலாகவே பரிந்துரைப்பேன். விடையைச் சொல்லாமல் கேள்வி கேட்டே கற்பிக்கும் முறை அங்கே. எதுவும் கிடைக்கவில்லை என்றால் அருகில் உள்ள ஆய்வு நிறுவனத்துக்கு, காரைக்குடி மின்வேதியியல் ஆய்வகமோ அடையாறு தோல் ஆராய்ச்சி நிறுவனமோ, ஒரு விஞ்ஞானியின் கட்டுரையைப் படித்துவிட்டு அதில் ஒரு படத்தைப் பற்றிக் கேள்வியோடு மின்னஞ்சல் எழுதுங்கள். ஐம்பது பேருக்கு ஒரே கடிதத்தை அனுப்புவதைவிட ஐந்து பேருக்கு ஐந்து கடிதம் பலன் தரும்.

பணத்தைப் பற்றியும் தெளிவாக இருக்க வேண்டும், ஏனென்றால் வீட்டுக் கவலை பல நேரம் திறமைச் சந்தேகத்தின் வேடத்தில் வருகிறது. எம்.எஸ்சி.க்குப் பின் முனைவர் பட்டம் ஐந்து, ஆறு ஆண்டு. நெட் எனும் தேசியத் தகுதித் தேர்வில் ஜேஆர்எஃப் எனப்படும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றால் 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டு ஆண்டுக்குப் பின் 42,000 ரூபாய், வீட்டு வாடகைப் படி தனி. தொகை மாதக் கணக்கில் தாமதமாவது நாடறிந்த சிக்கல், கையில் மூன்று மாதச் செலவு இல்லாமல் இறங்கக் கூடாது. அதன் பிறகும் நிரந்தர வேலைக்கு முன் சில ஆண்டு முதுமுனைவர் ஆய்வு. முப்பதைத் தாண்டித்தான் நிலையான சம்பளம் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். தங்கையின் படிப்பு, வீட்டுக் கடன் என்று பொறுப்பு இருப்பவர் இந்தக் கணக்கைப் பார்த்துத் தயங்கினால், அதைத் தன்னம்பிக்கைக் குறைவு என்று யாரும் சொல்லக் கூடாது. மருந்து நிறுவனத்தின் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவோ ஆய்வு நிறுவனத்தின் தொழில்நுட்பப் பணியோ அறிவியலுக்கு வெளியே இல்லை. ஆய்வகத்தில் இருக்கும்போதே அங்கே நான்காம், ஐந்தாம் ஆண்டில் இருப்பவர்களிடம் பணம் எப்போது வருகிறது, யார் எந்த வேலைக்குப் போனார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வழிகாட்டிப் புத்தகத்தில் இல்லாத தகவல் அது.

கடைசி வாரம் பெரும்பாலும் அறிக்கைக்கே போய்விடும், இரண்டு நாளை அதிலிருந்து காப்பாற்றி வையுங்கள். ஆய்வுக் குறிப்பேட்டை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டியிருக்கும், அனுமதி கேட்டுப் பக்கங்களைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். செய்த மாதிரிகள் எந்தப் பெட்டியில், எந்தத் தட்டில் இருக்கின்றன என்று ஒரு தாளில் எழுதி மேசையில் ஒட்டுங்கள், அடுத்து வருபவர் உங்களை வாழ்த்துவார். பிறகு கைடிடம் பதினைந்து நிமிடம் நேரம் கேளுங்கள். “நான் ஆராய்ச்சிக்கு ஏற்றவனா?” என்று கேட்டால் “நிச்சயமாக” என்ற அன்பான பதில்தான் வரும், அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. “அடுத்த ஓராண்டில் நான் எந்த இரண்டு விஷயங்களில் தேற வேண்டும்?” என்று கேளுங்கள். “புள்ளியியல் பலவீனம், கட்டுப்பாடுகளைத் திட்டமிடத் தெரியவில்லை” என்பதுபோல் குறிப்பான பதில் வரும். இதே கேள்வியை தினமும் கூட வேலை செய்த அக்காவிடமும் தனியாகக் கேளுங்கள். இருவரும் ஒரே விஷயத்தைச் சொன்னால் அதை ஜூலை மாதமே கையில் எடுங்கள், டிசம்பர் நெட் தேர்வுக்கும் அதற்கும் இடையே ஐந்து மாதம் இருக்கும்.